பத்து ரூபாய்க்கு ஒரு பல்

சமாதான நீதவான் கனகசபாபதியின் பொய்ப்பல் வரிசை இரண்டும் உடைந்த நாளிலிருந்து ஒருவரும் அவரைத் தலைமையுரைக்குக் கூப்பிடவில்லை. சண்டையில் கொழும்புப் பாதை மூடிக் கிடந்ததால் புதுப்பல் கட்டவும் வழியில்லை.

அந்தக் கவலைக்கு நடுவே ஒருநாள், நாலுபேர் பார்க்க, மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து நல்லூர் முகாமில் இருந்தவர்களில் ஒருவருக்குப் பத்து ரூபாய் கொடுத்தார். மறுநாள் காலை அவருடைய மேல்முரசில், வெறும் ஈறில், ஒரு பல் இருந்தது. இன்னொருவருக்கு இன்னொரு பத்துக் கொடுத்தார். இன்னொரு பல் வந்தது.

"தருமம் தலைகாக்கும் எண்டுதான் கேள்விப்பட்டனான். பல்லுமோ?" என்றார் மனைவி குணலட்சுமி.

முப்பத்திரண்டாம் பல்லும் வந்த நாள் கனகசபாபதி சால்வையை மடித்துப் போட்டுக்கொண்டு, மனைவியோடு முகாமுக்கே போய், ஒருவரும் கேளாமலே தலைமையுரை ஆற்றினார். "குடுக்கிறவனுக்குத்தான் கடவுள் குடுப்பார்!" என்று வாய் நிறையச் சிரித்தார்.

முன்னால் இருந்தவர்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள். பத்து ரூபாய் வாங்கிய ஒவ்வொருவர் வாயிலும் ஒரு பல் குறைந்திருந்தது.

மீன்பிடிகாரர் சீவரத்தினம் எழுந்தார். "ஐயா, மேலை மூண்டாவது என்ரை. சோடா மூடி கடிச்சு ஓரம் உடைஞ்சிருக்கும், பாருங்கோ."

குணலட்சுமி எட்டிப் பார்த்தார். "ஓமப்பா, உடைஞ்சுதான் கிடக்குது."

கனகசபாபதி சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். உரையை மட்டும் நிறுத்தவில்லை.