எல்லாருக்கும் இருபது

டாக்டரின் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்புக்கு, அவசர சிகிச்சைப் பிரிவின் மேஜையில் புதிதாக வந்து உட்கார்ந்த கணினியைக் கண்டாலே ஆகாது. நெஞ்சில் காதே வைக்காமல் நிமோனியாவுக்கு யோசனை சொல்கிறதாம்.

அன்று இசக்கிமுத்து என்ற பெரியவர் காய்ச்சலோடு, ஆனால் சிரித்த முகமாக வந்தார். ஸ்டெதஸ்கோப்புக்கு வலப்பக்க அடியில் மட்டும் லேசான கரகரப்பு கேட்டது.

"கரகரப்பு இருக்கு. நிமோனியாதான், ஆனா லேசு. மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பலாம்" என்றது டாக்டரின் காதில். அவரும் தலையாட்டி, அதைக் கணினியில் பதிந்தார்.

"மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை?" என்று கேட்டது கணினி.

அமலோற்பவம் சிஸ்டர் வழக்கம்போல இருபது என்று தட்டினார்.

"காலையிலேர்ந்து வந்த பதினோரு பேருக்கும் இருபதுதான் போட்டிருக்கு. ஒரு தடவை எண்ணிப் பாத்துடுங்க, சிஸ்டர்" என்றது கணினி.

சிஸ்டர் முகம் சிவந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினார். முப்பத்தாறு, இருக்கவேண்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"ஐயா, நீங்க இங்கேயே தங்கணும்" என்று டாக்டர் சொல்ல, சிஸ்டர் ஆக்ஸிஜனை மாட்டினார். ஒரு மணி நேரத்தில் பெரியவருக்குப் பேச்சே குழறிவிட்டது. அதற்குள் ஊசி மருந்து ஏறத் தொடங்கியிருந்ததால் பிழைத்துக்கொண்டார்.

"எனக்கு ஏது காது? கரகரப்பு இருக்குன்னு நீங்க சொன்னதாலதாண்ணே கேட்டேன்" என்றது கணினி, ஸ்டெதஸ்கோப்பிடம்.

இத்தனை வருஷமாக ஸ்டெதஸ்கோப் எத்தனையோ பேருடைய மூச்சைக் கேட்டிருக்கிறது, ஒன்றையும் எண்ணியதில்லை. அடுத்த நெஞ்சில் வைத்ததும் மெல்ல ஆரம்பித்தது: ஒன்று, இரண்டு, மூன்று.