சிகிச்சைக்குப் பின்

"முளைக்குமா மேடம்? அதை மட்டும் உறுதியாச் சொல்லுங்க."

இசக்கியப்பன் மூன்றாவது முறையாகக் கேட்டான். படப்பையில் ஒரு மாடியில் இருந்த அந்த முடி சிகிச்சை மையத்தில், எதிரே உட்கார்ந்திருந்த கவிப்பிரியா சலிக்காமல் சிரித்தாள்.

"உங்க பின்மண்டையில இருந்து துளி தோல் எடுப்போம் சார். அதுல இருக்கிற ஸ்டெம் செல்லைப் பிரிச்சு, முன்பக்கம் ஊசி போடுவோம். உங்க செல், உங்க முடி. ஆறே மாசம்."

"இன்னும் இன்னாடா யோசனை? கையெழுத்தப் போடு" என்றான் துணைக்கு வந்த மோகன். ஒரகடம் கம்பெனியில் இருவரும் ஒரே ஷிஃப்ட்.

யோசிக்காமல் என்ன செய்வான்? வயது இருபத்தெட்டு. தலையைப் பார்த்தால் ஐம்பது என்பார்கள். உற்பத்தி லைனில் நிற்கும்போது கம்பெனித் தொப்பி மானத்தைக் காப்பாற்றிவிடும். பெண் பார்க்கப் போகும் வீட்டில் தொப்பியோடு உட்கார முடியுமா?

"ரெண்டு எடத்துல என் தலையைப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாவ மேடம். தையில செல்வலட்சுமின்னு ஒரு பொண்ணைப் பாக்கப் போறோம். இதுவும் தட்டிப்போச்சுன்னா எங்கம்மா தாங்க மாட்டா."

பைக்கை விற்றுத்தான் இந்த நாற்காலிவரை வந்திருக்கிறான் பாவம்.

கவிப்பிரியா ஒரு ஆல்பத்தைத் திறந்து வைத்தாள். இடப்பக்கம் வழுக்கைத் தலையோடு ஒருவன். வலப்பக்கம் வகிடெடுத்து வாரிய அடர்ந்த முடி. இரண்டு படத்திலும் கண்களை மறைத்துக் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தது.

"ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு மறைச்சிருக்கோம். இவரும் ஒரகடத்துலதான் வேலை பாக்குறாரு. இப்ப கல்யாணமாகி ஒரு குழந்தை."

இசக்கிக்கு வயிறு எரிந்தது. "கொடுத்து வச்ச பய" என்று முனகிக்கொண்டே கையெழுத்தைப் போட்டான்.

"நல்லது சார். சிகிச்சைக்கு முன்னாடி ஒரு படம் எடுத்துக்கணும். தலையைக் கொஞ்சம் குனிங்க."

குனிந்தான். ஆல்பம் மூக்குக்கு நேரே வந்தது. முடி முளைத்தவனின் தாடையில் ஒரு வெட்டுத் தழும்பு. இசக்கியின் விரல்கள் தானாகத் தன் தாடையைத் தடவின.

"இன்னாடா ஆச்சு? மூஞ்சி வெளுத்துப் பூடுச்சு" என்று மோகன் உலுக்கினான்.

ஆறு வருடத்துக்கு முன், தலை நிறைய முடியோடு வேலைக்குச் சேர்ந்தபோது, கம்பெனி அடையாள அட்டைக்காக இதே கட்டடத்தின் கீழ்த்தள ஸ்டுடியோவில் இசக்கி எடுத்துக்கொண்ட படம் அது.