டிஸ்க் பத்திரம்

போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் கலீபுல்லா யாரையும் லேசில் நம்புகிறவர் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் அவரைக் கைவிட்டுவிட்டது. போன ஆன்லைன் ஏலத்தில் விலை கேட்கப் பொத்தானை அழுத்தினார். திரை அப்படியே உறைந்து நின்றது. பச்சைப் பசேலென்ற குரங்கணிச் சரக்கு, முதல் தரக் காய், இன்னொருவருக்குப் போய்விட்டது.

அதனால்தான், கடை கடையாக வேலை கேட்டு வந்த கம்ப்யூட்டர் சர்வீஸ்காரி வித்யாவை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். அன்று ஆட்களுக்கு லீவு. நிதானமாகப் பார்க்கலாம்.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மகன் ஷகீல் போனில் எச்சரித்தான். "அத்தா, நல்ல டிஸ்க்கக் கழட்டிட்டு டூப்ளிகேட்ட மாட்டிருவாங்க. அந்தப் புள்ள மேலருந்து கண்ண எடுக்காதீங்க."

கலீபுல்லா எடுக்கவில்லை. கீழே மூட்டை மூட்டையாக ஏலக்காய் அடுக்கிய குடோன்; மாடியில் ஆபீஸ் அறை. குடோன் கேமரா ஓடுவதும் இதே கம்ப்யூட்டரில்தான். வித்யா கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்ததுமே டிஸ்க்கின் நம்பரைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"மூச்சு விட எடமில்லாம அடைச்சு வச்சிருக்கீங்க, பாய். இந்த மாதிரி எஸ்.எஸ்.டி. டிஸ்க்குன்னா அஞ்சுல ஒரு பங்காவது காலியாக் கெடக்கணும். அப்பத்தான் வெரசா ஓடும்." பழைய கல்யாண வீடியோக்களை அவரிடம் கேட்டுக் கேட்டு அழித்தாள்.

மகன் சொல்லிக்கொடுத்த கேள்வியை மெதுவாக அவிழ்த்துவிட்டார். "அப்படியே டீஃபிராக்கும் பண்ணி விட்ரும்மா."

சரி என்று தலையாட்டினால் போலி.

"அது சுத்துற பழைய டிஸ்க்குக்கு. இதுக்குப் பண்ணுனா தேய்மானந்தான். அழிச்ச எடத்தச் சுத்தம் பண்ற டிரிம் ஓடுனாப் போதும். அத யாரோ நிப்பாட்டி வச்சிருக்காங்க, பாருங்க."

கலீபுல்லாவுக்கு மனசு லேசானது.

"இப்ப டிஸ்க்குக்கு உள்ள இருக்குற புரோகிராமப் புதுசாக்கணும். கேமராவயும் சேத்து எல்லாத்தயும் மூடிர்றேன். பாதியில கரண்டு போச்சுன்னா டிஸ்க்கே போயிரும். உங்க யு.பி.எஸ். பிளக்கு ஆடுது. முடியிற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சுக்கங்க."

மேசைக்கடியில் குந்தி, பிளக்கை இரு கையாலும் அமுக்கினார். தெருவில் ஜீப்பு ஒன்று உறுமி நின்றது. தலையைத் தூக்கினார்.

"அசையாதீங்க, பாய். எனக்குக் கெட்ட பேரு வந்துரும்."

அசையவில்லை. கால் மரத்துப்போனது. பார்வை மட்டும் அவள் கைகளைவிட்டு நகரவில்லை.

ஒருவழியாக கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். அவர் நாற்காலியில் வந்து உட்காருவதற்குள் திரை வந்துவிட்டது. ஏலப் பக்கம் தொட்டவுடன் திறந்தது. பெட்டிக்குள் எட்டி, டிஸ்க் நம்பரைப் படத்தோடு ஒப்பிட்டார். ஓர் எழுத்து மாறவில்லை. சந்தேகப்பட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

"கூலி எவ்வளவும்மா?"

"ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, பாய். திருப்தியா இருந்தா வந்து வாங்கிக்கிறேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பெண். அவருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஷகீலைக் கூப்பிட்டு, "அதே டிஸ்க்குதாண்டா. ஒரு துரும்பு திருடு போகல. நீதான் சும்மா பயங்காட்டுன," என்று பெருமை பொங்கச் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

குடோன் கதவு ஆவென்று திறந்து கிடக்க, உள்ளே ஏலக்காயின் வாசம் மட்டும்தான் மிச்சமிருந்தது.