எண்பத்தாறு மெயில் பெட்டிகள்

"இவர் ஜெயிச்சிட்டா இந்த நாற்காலியை நீ காலி பண்ண வேண்டியதுதான் தூருன். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது."

முதலாளி அஸ்பியோர்ன் இதை மெதுவாகச் சொல்லவில்லை. நார்வேயின் ஓலசுன் துறைமுகத்தில் நாற்பது வருடமாக உப்புக் கருவாடு ஏற்றுமதி செய்கிறவருக்கு மெதுவாகப் பேச வராது.

கேட்டுக்கொண்டிருந்த ஹென்னிங்குக்கு உள்ளம் குளிர்ந்தது. காலை விமானத்தில் ஒஸ்லோவிலிருந்து வந்திருந்தான். மெயில் சர்வரை மவுஸாலேயே ஆட்டிவைக்கும் மென்பொருள் விற்பது அவன் பிழைப்பு.

"நாற்காலி ஏற்கெனவே ஒரு கால் ஆடுது. அதையும் சொல்லிட்டுக் கொடுங்க," என்றாள் தூருன்.

பதினெட்டு வருடமாக அந்தக் கம்பெனியின் மெயில் சர்வர் அவள் கையில். அவள் திரையில் படமும் கிடையாது, பட்டனும் கிடையாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து மட்டும். வேலைக்கு வந்தவருக்கு மெயில் பெட்டி திறப்பது, போனவரின் பெட்டியை மூடுவது, எல்லாமே கட்டளையாகத் தட்டித்தான்.

"இந்தக் காலத்துல இன்னும் இதைத் தட்டிக்கிட்டிருக்கீங்களே, விரல் வலிக்கல?" என்றான் ஹென்னிங்.

"பத்து விரல் இருக்கு, பங்கு போட்டுக்கும். உங்களுக்கு ஒண்ணுதான் வேலை செய்யுது, அதைப் பத்திரமா பாத்துக்கங்க."

போட்டி எளிது. அஸ்பியோர்ன் போன வாரம் பக்கத்து மீன் கம்பெனியை வாங்கியிருந்தார். அங்கே வேலை பார்க்கும் எண்பத்தாறு பேருக்கும் மெயில் பெட்டி திறக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் இருவரிடமும் இருந்தது. அவன் தன் மடிக்கணினியில், அவள் தன் மேஜையில்.

ஹென்னிங் பட்டியலை அப்படியே தூக்கி உள்ளே போட்டான். நான்கே நிமிடம். எண்பத்தாறு பெட்டிகளும் கலர் கலராக வந்து உட்கார்ந்தன. தூருன் அதுவரை ஒரே ஒரு வரிதான் அடித்திருந்தாள். அதையும் காபியை உறிஞ்சியபடி திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டேன்," என்றான் ஹென்னிங்.

அவள் என்டரைத் தட்டினாள். வெள்ளை எழுத்துகள் மழையாக இறங்கின. ஐந்து நிமிடம்.

"ஒரு நிமிஷம் பிந்திட்டே," என்றார் அஸ்பியோர்ன். அவள் முகத்தைப் பார்க்காமல் ஹென்னிங் பக்கம் திரும்பினார். "பெட்டி ஒவ்வொண்ணும் எவ்வளவு பெருசு?"

"ரெண்டு ஜிபி."

"பத்தாது. எங்க ஆளுங்க மீனைப் படம் பிடிச்சே அனுப்புவாங்க. எல்லாத்தையும் நாலாக்குங்க."

தூருன் மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினாள். முன்பு அடித்த வரி திரும்ப வந்தது. கட்டளையில் ஒரு சொல்லை மாற்றி, இரண்டை நான்காக்கி என்டர். மறுபடி மழை.

ஹென்னிங் முதல் பெட்டியைத் திறந்தான். மாற்றினான். சேமித்தான். மூடினான். இரண்டாவது பெட்டியைத் திறந்தான்.

"எல்லாத்தையும் ஒரே தட்டுல மாத்துற பட்டன் எங்கே?" என்று எட்டிப் பார்த்தார் அஸ்பியோர்ன்.

"அது அடுத்த பதிப்புல வருது."

"சரி, நாலு வேண்டாம். மூணு போதும்."

ஹென்னிங் அப்போது பதினெட்டாவது பெட்டியில் இருந்தான். நெற்றியில் வேர்வை. தூருன் அம்புக்குறியைத் தட்டினாள், நான்கை மூன்றாக்கினாள், என்டரைத் தட்டிவிட்டு வாஃபிள் அப்பத்தில் ஜாம் தடவப் போனாள்.

"மூணை மறுபடி நாலாக்கணும்னா சொல்லுங்க," என்றாள் வாய் நிறைய. "இவர் முடிக்கறதுக்குள்ள நான் பல் விளக்கிட்டே வந்துடுவேன்."

அறை வாசலில் கூடியிருந்த கணக்குப் பிரிவினர் கைதட்டினார்கள். ஹென்னிங் மடிக்கணினியை மூடினான்.

"அவ ஜெயிச்சிட்டா," என்று கையை விரித்தார் அஸ்பியோர்ன். "இனி நான் எதுக்கு உங்ககிட்ட வாங்கணும்?"

"பத்து சதவீதம் குறைச்சுத் தரேன்."

அஸ்பியோர்ன் ஜன்னல் வழியே கப்பலைப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு. பயிற்சி இலவசம்."

கப்பலில் என்னதான் இருந்ததோ, அவர் திரும்பவேயில்லை. "என்கிட்ட ஏன் பேசறீங்க? இங்க மெயில் சர்வருக்கு ராணி அவதான். அவகிட்ட கேளுங்க."

ஹென்னிங் தூருனைப் பார்த்த பார்வையில் ஒஸ்லோவின் மிடுக்கு ஒரு துளிகூட மிச்சமில்லை. மாதக் கடைசி. வெறும் கையோடு திரும்பினால் அவனுடைய மேலாளர் சும்மா விடமாட்டார்.

"எனக்கு வேண்டாம்," என்றாள் அவள். "பாதி விலைன்னா, பராமரிப்பு மூணு வருஷம் சும்மான்னா, ஒரு ஓரமா கிடந்துட்டுப் போகட்டும். நான் லீவுல போனா யாராவது அந்த பட்டனை அமுக்கிட்டிருக்கட்டும்."

ஹென்னிங் பேனாவைக் கடித்தான். பிறகு ஒப்பந்தத்தில் பழைய விலையை அடித்துப் பாதியை எழுதிக் கையெழுத்துப் போட்டான். அஸ்பியோர்ன் ஏதோ கசப்பு மருந்து குடிப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு அதன் கீழே போட்டார்.

ஹென்னிங் ஏறிய டாக்ஸி துறைமுகத்தைத் தாண்டியதும் அஸ்பியோர்ன் அறைக் கதவைச் சாத்தினார்.

"பாதி. எனக்கு இருபது சதவீதம் குறைஞ்சாலே பெருசுன்னு நினைச்சேன்."

"அவரை மாசக் கடைசியில வரவழைங்கன்னு சொன்னது யாரு?" என்றாள் தூருன், மேஜை மேலிருந்த தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கியபடி.

அவள் ராஜினாமா கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்தக் கறுப்புத் திரையைத் தொட வேறு ஆள் கேட்டுக் கொடுத்த நான்கு விளம்பரத்துக்கும் ஒருவரும் வராததால், ஹென்னிங் காலையில் கேட்ட விலைக்கு மேலே கேட்டிருந்தாலும் அஸ்பியோர்ன் வாயை மூடிக்கொண்டு கொடுத்திருப்பார்.