வாசல் மாறிய பஸ் ஸ்டாப்

"யோவ் வக்கீல், வெளியில வாய்யா!"

காலங்காத்தாலே கேட்டை உலுக்கினார், தெருக்கோடி வீட்டு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். கார் நிறுத்துற தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது.

வக்கீல் வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு எட்டிப் பார்த்தார்.

"மினி பஸ் ஸ்டாப் உன் வீட்டு வாசல்லதானே வர்றதா இருந்துச்சு? எப்படிய்யா என் வாசலுக்கு வந்துச்சு?"

வக்கீல் நிதானமாகத் துப்பிவிட்டு வந்தார்.

"நான்தான் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி மாத்தினேன்."

ஏரியா பெருத்து, மெயின் ரோடு நெரிசலில் ஆட்டோகூட உள்ளே வர மறுத்து, தெருவே கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பஸ் அது. எல்லோருக்கும் பஸ் வேண்டும். ஸ்டாப் மட்டும் அடுத்தவர் வாசலில் வேண்டும்.

"ஏன்யா மாத்தினே?"

"பஸ் வர்ற வரைக்கும் நாலு பேர் நின்னு ஊர்வம்பு பேசுவான். ஹாரன் சத்தம் வேற. அதெல்லாம் உன் வாசல்லயே நடக்கட்டும்."

"கோர்ட்டுக்குப் போவேன்!"

"தாராளமா. நல்ல வக்கீலா நானே பார்த்துத் தர்றேன்."

மேனேஜர் கேட்டை அறைந்துவிட்டுப் போனார்.

வக்கீல் உள்ளே நுழைந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"உங்க பகை உங்களோட. அதுக்காக இப்படியா? அவர் சம்சாரம், அந்த அக்கா முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?"

"அவங்க முகத்தை விடு. முழங்காலைப் பத்திப் பேசு."

"என்ன?"

"ஆபரேஷன் பண்ணின கால். இவன் காரையும் வித்துட்டான். ஆஸ்பத்திரிக்குப் போக, ஒவ்வொரு வீட்டுக் காம்பவுண்டு சுவரா பிடிச்சுக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் நடக்கிறாங்க. போன வாரம் முடியாம, நம்ம கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதாங்க. ஜன்னல் வழியா பார்த்தேன். அந்தப் பக்கமா திரும்பிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மறுபடியும் நடந்தாங்க."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இதை அவர்கிட்டயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! இருங்க, நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

செருப்பை மாட்டியவளை வக்கீல் ஓடிவந்து மறித்தார்.

"அடியே, கெடுத்துடாதே! நான் செஞ்ச உதவின்னு தெரிஞ்சா, அந்த ரோஷக்காரன் அவங்களை பஸ்ல ஏறவே விடமாட்டான்!"