காலைக்கடன்

ஆரஞ்சு நிற பாட்டில் நடுவரின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. வெயில் அதற்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்தபோது, மைதானம், கோல் கம்பம், ஓரத்து மரங்கள் எல்லாமே பழச்சாற்றில் மிதப்பதுபோல் இருந்தன.

“ஒரு மடக்கு குடிங்கண்ணே. நிக்கும்போதே ஆடுறீங்க, ரெண்டாவது பாதியில விழுந்துட்டா யாரு விசில் ஊதுறது?” என்றார், கொடி பிடிக்கும் துணை நடுவர்.

நடுவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நாக்கில் எச்சில் ஊறியது. அதை யார் கேட்டார்கள்?

இடைவேளை முடியப்போகிறது. கோல் இன்னும் விழவில்லை. இரண்டு அணிகளும் நிழலில் சாய்ந்து அதே பானத்தை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கே ஒரு மஞ்சள் அட்டை காட்டலாம்.

அவர் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்துக்கொண்டார். வயிற்று வலியா என்று துணை நடுவர் கேட்டார். இல்லை என்றார். உள்ளே ஓர் ஊரே இருக்கிறது, நாளைக்குக் குடிபெயர்கிறது என்று சொன்னால், வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்பிவிடுவார்.

ஆனால் உண்மை அதுதான்.

அவருடைய அக்காவின் குடல் காலியாகிவிட்டது. நோய்க்குக் கொடுத்த மருந்து நல்லவன் கெட்டவன் பார்க்காமல், அங்கே குடியிருந்த பாக்டீரியாவையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டது. காலி வீட்டில் ஒரு பொல்லாத கிருமி புகுந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. எதைச் சாப்பிட்டாலும் தங்குவதில்லை. அக்கா பாதியாகிவிட்டாள். இனி மருந்து கேட்காது, நலமாக இருக்கும் ஒருவரின் குடல்வாசிகளைக் கொண்டுபோய்க் குடிவைத்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டபோதுதான் நடுவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் கொடுக்க வேண்டியது ரத்தமும் இல்லை, கிட்னியும் இல்லை. தன் காலைக்கடன். மூடி போட்ட டப்பாவில், நாளைக் காலை. அதைக் கரைத்து வடிகட்டிக் குழாய் வழியாக உள்ளே அனுப்புவார்களாம்.

உயிரையே கொடுப்பேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதைக் கொடுப்பேன் என்று எவன் சொல்லியிருக்கிறான்? கேட்டவர்களிடம் ரத்தம் கொடுக்கப் போகிறார் என்று அவர் மனைவி சொல்லிவைத்திருக்கிறாள். பாதி மானமாவது மிஞ்சட்டும்.

முதல் பரிசோதனையில் அவர் தேறவில்லை. ஆட்டத்துக்கு இரண்டு பாட்டில் என்று வருஷக்கணக்காக ஊற்றிய இனிப்பில், சர்க்கரைக்கு வாயைப் பிளக்கும் கூட்டம் மட்டும் உள்ளே கொழுத்துக் கிடந்தது. காய்கறி நாரைத் தின்று குடலைக் காக்கும் சாதுக்கள் மூலையில் ஒடுங்கிப் போயிருந்தார்கள். எப்போதும்போல ஓடுங்கள், தூங்குங்கள், அந்தக் கலர் தண்ணியை மட்டும் மறந்துவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகுதான் சாதுக்கள் மெல்லத் தலைதூக்கினார்கள், அடுத்த பரிசோதனையில் அவரும் தேறினார். வேறு ஆள் தேடும்வரை அக்கா தாங்க மாட்டாள்.

இன்றைக்கு லீவு போட்டிருக்கலாம். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் நாளையை நினைத்து வயிற்றைக் கலக்கும் என்று வந்துவிட்டார். வயிறு கலங்கக் கூடாத நாள் பாருங்கள்.

ஒரே ஒரு மடக்கு குடித்தால் என்ன ஆகும் என்று அவர் டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மூடிய கண்ணுக்குள் அவர்கள் தெரிந்தார்கள். கோடானுகோடி பேர், மூட்டை முடிச்சோடு, குஞ்சு குளுவானோடு, வெளிச்சமில்லாத ஒரு நீண்ட தெருவில் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் தாகம்தான். ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

போகிற இடத்தில் நல்லபடியாக இருங்கள் என்று உள்ளுக்குள்ளேயே சொன்னார். அவள் கோபக்காரி, ஆனால் சாப்பாட்டில் குறை வைக்க மாட்டாள். அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா செத்துப்போய்விடக் கூடாது. அவருக்கு வேறெதுவும் வேண்டாம்.

கொடுக்கிற புண்ணியவான் யார் என்று நேற்று அக்கா கேட்டாளாம். பெயரைச் சொல்லட்டுமா என்றார் டாக்டரம்மா. வேண்டவே வேண்டாம் என்று நடுவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

காரணம், இதே மைதானம். பெரிய அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், அக்காவின் ஒரே மகனுக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியவர், தாய்மாமனான இவர்தான். அவன் எதிராளியின் காலை வாரியது எல்லோர் கண்ணிலும் பட்டது. அவனே வாய் திறக்காமல் வெளியேறினான். இன்று நடந்தாலும் அதே அட்டையைத்தான் இவர் எடுப்பார். அக்கா மட்டும் கேலரிப் படியிறங்கி வந்து, அத்தனை பேர் முன்னால் சொன்னாள்.

“இனிமே செத்தாலும் உன் கையால பச்சத் தண்ணிகூட வாங்க மாட்டேன்.”

அன்றிலிருந்து சொன்ன சொல் மாறவில்லை. அவள் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்த கதையெல்லாம் இவர் மனைவிக்கே தெரியாது.

நடுவர் எழுந்தார். கண் இருட்டிக்கொண்டு வந்து, மெல்லத் தெளிந்தது. ஆட்ட விதியைப் படிப்பதுபோல, அவள் சொன்னதை எழுத்தெழுத்தாக இன்னொரு தரம் மனதுக்குள் படித்துப் பார்த்தார். தண்ணீர் என்றுதான் இருக்கிறது. வேறு எதையும் அவள் சொல்லவில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தக்காரருக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டு, அவர் விசிலை ஊதினார்.