அக்காவின் பல்

அக்கா செத்த வருஷமே அவள் புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டாள் புஷ்பகலா. “ஒன் சிரிப்பு அவ சிரிப்பு மாதிரி இல்லயே” என்று நச்சரித்த அத்தான், ஒருநாள் பல் டாக்டரிடமே கூட்டிவந்துவிட்டார். அக்காவின் பல் அளவு அங்கே கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. புஷ்பகலாவின் நல்ல முன்பற்களை ராவிக் குறுக்கிவிட்டு, அந்த அளவில் மெஷின் கடைந்தெடுத்த பற்களை டாக்டர் மாட்டினார்.

கண்ணாடியில் அக்கா சிரித்தாள். அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இது நார் கலந்த பிளாஸ்டிக்மா, லேசுல உடையாது,” என்றார் டாக்டர். “உங்க அக்காவுக்குப் பீங்கான்ல வச்சோம். பாவம், அடிக்கடி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து உடைச்சுக்குவாங்க.”

அத்தான் வீட்டு பாத்ரூமில் சொரசொரப்பான சிமெண்டுத் தரை.

அத்தான் விரலை மடக்கி அவளுடைய புதுப்பல்லைத் தட்டிப் பார்த்தார்.

“கெட்டியாத்தான் இருக்கு.”